சிகரெட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், வசதி இல்லாதவர்கள் வருகிற ஒரு பொது மருத்துவ மையத்தில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். முதல்முறை வருகிறவர்களிடம் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்போம். உயரம், எடை, கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, ஏற்கெனவே கலைந்த கரு, ஒவ்வாத மருந்து. அதன்பின் 'குழந்தையின் தந்தை' என்று ஒரு பகுதி வரும். அவருக்கு என்ன வயது, என்ன வேலை, குடிப்பாரா, புகைப்பாரா. வந்திருப்பவள் ஒரு பெண்ணோடு வாழ்கிறவளாக இருந்தால், ஒரே அறையில் தூங்கி எழும் அந்தத் துணை புகைப்பவரா என்று குறித்துக்கொள்ள அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

பெண்ணை விரும்புகிற பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை எப்படி வந்தது என்று ஊரிலிருந்து போனில் பேசும்போது என் அக்கா கேட்டாள். வாசகர்களுக்கும் அந்தக் கேள்வி எழும். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கதை. என்னிடம் வருகிற பால்புதுமை (குயர்) இளைஞர்களில் அதிகம் பேர் இருபால் ஈர்ப்பு உள்ள பெண்கள். ஆணோடும் பழகியிருப்பார்கள், பெண்ணோடும் வாழ்ந்திருப்பார்கள். சிலர், பள்ளியில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகவே ஒரு பையனைக் காதலன் என்று காட்டிக்கொண்டவர்கள். சிலருக்கு நடந்தது பலாத்காரம். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, இரவு படுக்க ஓர் இடம் வேண்டுமே என்று உடம்பைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு வருகிற திருநம்பிகளும் உண்டு. 'அம்மா' என்று எழுதிய அறைக்குள் நுழையவே அவர்களுக்கு மனம் கூசும். தானமாகப் பெற்ற விந்தணுவால் திட்டமிட்டுக் கருத்தரிக்கும் பெண் தம்பதிகளைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன. அவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், கையில் பணம் உள்ளவர்கள். எங்கள் மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

இது எங்கள் ஊர் விஷயம் மட்டும் அல்ல. மினசோட்டா மாநிலத்தில் 1987-ல் பள்ளி மாணவர்களிடம் எடுத்த பெரிய ஆய்வு ஒன்றின் விவரங்களைப் பிற்பாடு அலசி, 1999-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். தன்னை லெஸ்பியன் என்றோ இருபால் ஈர்ப்புள்ளவள் என்றோ சொன்ன மாணவிகளில் 12 சதவீதம் பேர் கர்ப்பமாகியிருந்தார்கள். மற்ற மாணவிகளில் அது ஏறத்தாழ பாதி. அடி உதைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானவர்களும் இவர்களிடையேதான் அதிகம். இதைப் படிக்கிறவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கலாம். இந்த வேலைக்கு வந்தபின் எனக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை.

புகைக்கு வருகிறேன். கர்ப்பத்தில் புகைப்பது அமெரிக்காவில் வேகமாகக் குறைந்துவருகிறது. 2016-ல் பிள்ளை பெற்றவர்களில் 7.2 சதவீதம் பேர் கர்ப்பத்தின்போது புகைத்திருந்தார்கள். 2021-ல் அது 4.6 சதவீதம். இந்தக் கணக்கு பிறப்புச் சான்றிதழுக்காகச் சேகரிக்கும் விவரங்களிலிருந்து வருகிறது. கருத்தரிக்கும் முன்பு மூன்று மாதம், அதன்பின் ஒவ்வொரு மூன்று மாதமும் நாளுக்கு எத்தனை சிகரெட் என்று 2003-ல் திருத்தப்பட்ட மாதிரிப் படிவம் கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் மின்சிகரெட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தாய் எந்தப் பாலீர்ப்பு உள்ளவர் என்றும் அது கேட்பதில்லை. அதனால் சரிந்து இறங்கும் அந்தக் கோட்டைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படும்போது, அதற்குள் சரியாமல் நிற்கிறவர்கள் யார் என்று தெரிவதில்லை. பாலீர்ப்பையும் சேர்த்துக் கேட்கும் வேறு ஆய்வுகள் இருக்கின்றன. நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் மாநிலங்களோடு சேர்ந்து நடத்தும் தொலைபேசிக் கணக்கெடுப்பு அவற்றில் ஒன்று. அதை அலசியவர்கள், கர்ப்பிணிகளிலேயே லெஸ்பியன், இருபால் ஈர்ப்புள்ள பெண்கள் மற்றவர்களைவிட அதிகம் புகைப்பதைக் கண்டிருக்கிறார்கள். மன வேதனை அதிகமாக இருப்பதும் அவர்களுக்குத்தான்.

ஏன் என்பதற்கு என்னிடம் வந்த ஒரு பெண் சொன்ன பதிலைவிட நல்ல பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பதினாறு வயதில் அவளுடைய பையைத் திண்ணையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார் அம்மா. பஸ் ஏறி இந்த நகரத்துக்கு வந்தாள். "முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட எப்படிப் பேச்சுக் கொடுக்குறது? பசிக்குதுன்னு சொன்னா விலகிப் போயிடுவாங்க. சிகரெட் இருக்கான்னு கேட்டா நின்னு பேசுவாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல எங்க படுக்கலாம், யாரை நம்பக் கூடாதுன்னு சொல்லிடுவாங்க" என்றாள். அவளுக்குக் கிடைத்த முதல் சொந்தபந்தம், தங்குமிடத்தின் வாசலில் புகைத்துக்கொண்டு நின்ற கூட்டம். அந்தக் கூட்டத்தில்தான் பின்னாளில் அவளுடைய துணையும் இருந்தாள்.

சிறுபான்மையாக இருப்பதாலேயே ஒருவர் மீது தினந்தோறும் ஏறும் பாரத்தைப் பற்றி இலன் மேயர் என்கிற ஆய்வாளர் 2003-ல் விரிவாக எழுதினார். கேலி, பயம், ஒளித்து வைத்தல், எப்போது யார் கண்டுபிடிப்பார்களோ என்கிற பதைப்பு, எல்லாம் சேர்ந்து உடம்பைத் தின்னும் என்பது அவர் வாதம். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் ரயன் நடத்திய குடும்ப ஏற்புத் திட்டத்தின் ஆய்வு 2009-ல் வந்தது. குடும்பம் கடுமையாக ஒதுக்கிய இளைஞர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். போதைப் பொருளைத் தொட்டவர்கள் 3.4 மடங்கு. தெருவில் வாழும் இளைஞர்களைப் பற்றிச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் நிறுவனம் 2017-ல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், பால்புதுமை இளைஞர்கள் வீடிழக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. மணமாகாமல் பிள்ளை பெற்ற இளைஞர்களுக்கு அது மூன்று மடங்கு. இந்த இரண்டு அடியும் ஒருத்தி மேலேயே விழுந்தால் அவள் நிலைமை என்ன? அவளைத்தான் நாங்கள் 'ஏன் சிகரெட்டை விடக் கூடாது' என்று கேட்கிறோம்.

இன்னொரு தரப்பையும் சொல்லியாக வேண்டும். இந்த இளைஞர்கள் தாமாக மட்டும் சிகரெட்டிடம் போகவில்லை. 1992-ல் ஃபிலிப் மோரிஸ் நிறுவனம் ஓரினச்சேர்க்கையாளர்களுக்கான 'ஜான்ரா' இதழில் தன் சிகரெட்டுக்கு விளம்பரம் கொடுத்தது. தங்களை யாரும் மனிதராக மதிக்காத காலத்தில் ஒரு பெரிய நிறுவனம் தேடி வந்து விளம்பரம் தருகிறதே என்று சிலர் மகிழ்ந்தார்கள். 1995-ல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவுக்கென்றே ஒரு விற்பனைத் திட்டம் போட்டது. குறி வைத்தது இரண்டு இடங்களை: ஓரினச்சேர்க்கையாளர்கள் வாழும் காஸ்ட்ரோ, வீடற்றவர்கள் நிறைந்த டெண்டர்லாயின். 'ப்ராஜெக்ட் ஸ்கம்' என்று அதற்குப் பெயர். 'ஸ்கம்' என்கிற அந்தச் சுருக்கப்பெயர் ஆங்கிலத்தில் ஈனப் பிறவிகளைக் குறிக்கும் வசை. 1998-ல் மாநில அரசுகளுக்கும் புகையிலை நிறுவனங்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டை ஒட்டி அந்நிறுவனங்களின் உள்கடிதங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. இந்தத் திட்டமும் அப்படித்தான் தெரியவந்தது. இன்று அந்த ஆவணங்களை இதே நகரத்தின் கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம் பாதுகாக்கிறது, யாரும் படிக்கலாம். நான் படித்தேன். என்னிடம் வருகிற பிள்ளைகளின் பெற்றோர் வயதுக்காரர்களைப் பற்றி அந்தக் காகிதங்களில் இருந்தது. கோபத்தில் அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இனி உடம்புக்குள் நடப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கர்ப்பிணிகளிடமும் நிதானமாகத்தான் சொல்கிறேன்.

சிகரெட் புகையில் குழந்தையைத் தாக்குபவை பல. அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் ரத்தம் சுமந்து வர வேண்டிய ஆக்சிஜனின் இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வரவேண்டிய பங்கு குறைகிறது. இரண்டாவது நிகோட்டின். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும். குழந்தையின் ரத்தத்தில் அதன் அளவு அம்மாவின் ரத்தத்தில் இருப்பதைவிடவும் சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம். வளரும் மூளையிலும் நுரையீரலிலும் நிகோட்டின் போய் ஒட்டுவதற்கான ஏற்பிகள் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே உருவாகிவிடுகின்றன. புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறக்கின்றன. குறைமாதப் பிரசவம், நஞ்சுக்கொடி நேரத்துக்கு முன்பே பிரிந்து ரத்தம் கொட்டுவது, தூங்கும்போது குழந்தை காரணமின்றி இறந்துபோவது எல்லாமே கூடுகின்றன. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மாவட்டத்தில் வினியா சிம்ப்சன் என்கிற மருத்துவர், புகைக்கும் பெண்களுக்குக் குறைமாதக் குழந்தைகள் அதிகம் பிறப்பதை 1957-லேயே எழுதிவிட்டார். சிகரெட் பெட்டியில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை வந்தது 1985-ல்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கர்ப்பம் ஆனதும் பெண்ணின் ஈரல் நிகோட்டினை வழக்கத்தைவிட வேகமாக உடைத்து வெளியேற்றுகிறது. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் ஆய்வாளர்கள் ஒரே பெண்களைக் கர்ப்பத்தின்போதும் பிரசவத்துக்குப் பின்னும் சோதித்து 2002-ல் இதை நிறுவினார்கள். கர்ப்பத்தில் நிகோட்டின் வெளியேறும் வேகம் 60 சதவீதம் கூடியிருந்தது. நிகோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்கிற பொருள் ரத்தத்தில் பாதியாகக் குறைய, பிரசவத்துக்குப் பின் ஏறக்குறைய 17 மணி நேரம் ஆனது. கர்ப்பத்தில் 9 மணி நேரமே ஆனது. அதாவது, சாப்பிட்ட அரைமணியில் மறுபடி பசிக்கிற வயிறு மாதிரி, புகைத்த கொஞ்ச நேரத்திலேயே உடம்பு மறுபடி கேட்கிறது. விட வேண்டும் என்று ஒருத்தி முழு மனதோடு முடிவெடுக்கிற அதே மாதங்களில்தான் அவள் உடம்புக்கு அந்தத் தேவை இன்னும் அவசரமாகிறது. பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் மிச்சப் பாதியை ஆழமாக இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதைச் சொன்னதும் பல பெண்களின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தான் கெட்டவள், பிள்ளைமேல் பாசம் இல்லாதவள் என்று அதுவரை அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இளையவர்கள் இப்போது அதிகம் கொண்டுவருவது வேப் எனப்படும் மின்சிகரெட். 2015-ல் ஜூல் என்கிற மின்சிகரெட் சந்தைக்கு வந்தது. பென்டிரைவ் மாதிரி இருக்கும்; வகுப்பறையில் கைக்குள் மறையும்; மாம்பழ வாசனை, புதினா வாசனையிலெல்லாம் அன்று விற்றது. 5 சதவீத நிகோட்டின் உள்ள அதன் ஒரு குப்பியில் ஒரு பெட்டி, அதாவது இருபது சிகரெட்டுக்குச் சமமான நிகோட்டின் இருப்பதாக அந்த நிறுவனமே சொன்னது. அதன் தலைமையகம் இருந்தது சான் பிரான்சிஸ்கோவின் துறைமுகக் கரையில், நான் மேலே சொன்ன பொது மருத்துவமனைக்குப் பக்கத்துப் பகுதியில். 2019-ல் இந்த நகரமே மின்சிகரெட் விற்பனையைத் தடுக்கச் சட்டம் போட்டது. அதே ஆண்டு இந்தியாவும் நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனாலும் கைக்குக் கை மாறி வந்துகொண்டேதான் இருக்கிறது.

எங்களிடம் மூச்சை ஊதிப் பார்க்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும். சிகரெட் பிடிப்பவள் ஊதினால் எண் ஏறும். வேப் இழுப்பவள் ஊதினால் ஏறாது, ஏனென்றால் அங்கே எதுவும் எரிவதில்லை. "பாருங்க, ஒண்ணுமே இல்லை" என்று பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சந்தோஷமாகத் திரும்பினாள். பக்கத்தில் இருந்த அவள் தோழி கைதட்டினாள். எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் உண்மையைச் சொன்னேன். எரியும் புகையைவிட இதில் நஞ்சு குறைவு என்பது சரி. பிரிட்டனில் 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில், புகைக்கும் கர்ப்பிணிகள் சிலருக்குத் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையும் சிலருக்கு மின்சிகரெட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மின்சிகரெட் குழுவில் எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகப் பிறந்துவிடவில்லை, குறைவாகவே பிறந்தன. அதனால், சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவளை நான் திட்டுவதில்லை. ஆனால் சிகரெட்டே பிடிக்காமல் நேராக வேப்பில் தொடங்கியவளுக்கு இந்த வாதம் பொருந்தாது. நிகோட்டின் எந்த வழியில் வந்தாலும் நிகோட்டின்தான். அது வளரும் நுரையீரலையும் மூளையையும் தொடும்.

அது எந்த வழியில் வந்தாலும் என்று சொல்லும்போது எனக்கு என் ஊர் நினைவுக்கு வரும். நான் வேடசந்தூர்ப் பக்கம் பிறந்தவள். மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை அங்கே இருந்தது. சுற்றிலும் மெல்லும் புகையிலை விளையும் காடுகள். என் அப்பத்தா வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டேதான் ஏழு பிள்ளை பெற்றார். நம் பெண்கள் சிகரெட்டைத் தொடுவதில்லை என்று பெருமைப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மும்பையில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் புகையிலை மென்றவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைவாகப் பிறந்திருந்தன.

வைட்டமின் சி பற்றியும் ஒரு வார்த்தை. ஆரிகன் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014-ல் வெளியான சோதனையில், புகையை விட முடியாத கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்தார்கள். அவர்களின் குழந்தைகளுடைய நுரையீரல் பிறந்தபோது மேலாக வேலை செய்தது. இது புகையை விடுவதற்கு ஈடாகாது. ஆனால் இன்னும் விட முடியாமல் தவிக்கிற ஒருத்திக்கு, 'உன் பிள்ளைக்காக இன்று நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது' என்று சொல்ல முடிவது பெரிய விஷயம். மருத்துவரிடம் கேட்டுத்தான் அவள் சாப்பிட வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கர்ப்பிணியின் உடையில் புகை வாடை அடித்ததும் ஒரு மருத்துவர் சத்தம் போட்டார். பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அதே தொனியை அவள் முன்பே கேட்டிருக்கிறாள், தன் வீட்டில், தான் யார் என்று சொன்ன அன்றைக்கு. அடுத்த முறை அவளிடம் கேட்டபோது விட்டுவிட்டேன் என்றாள். அவள் விடவில்லை என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்த முறை அவள் வரவே இல்லை. பிரசவ வலியோடுதான் அவளைத் திரும்பப் பார்த்தோம்.

இப்படிப் பொய் சொல்ல வைப்பது எவ்வளவு பரவலானது என்பதற்குக் கணக்கு உண்டு. 1999 முதல் 2006 வரை அமெரிக்காவில் எடுத்த ஒரு தேசிய ஆய்வில், சொன்ன பதிலை ரத்தத்தில் இருந்த கோட்டினினோடு ஒப்பிட்டார்கள். புகைக்கும் கர்ப்பிணிகளில் 22.9 சதவீதம் பேர் அதை மறைத்திருந்தார்கள். கர்ப்பம் இல்லாத அதே வயதுப் பெண்களில் மறைத்தவர்கள் 9.2 சதவீதம். அவமானத்துக்குப் பயந்து ஏறக்குறைய நால்வரில் ஒருத்தி உண்மையை விழுங்குகிறாள் என்றால், ஏற்கெனவே தன் வாழ்க்கையின் இன்னொரு உண்மையையும் விழுங்கிப் பழகியவள் என்ன செய்வாள்?

அதனால் எங்கள் அறையில் கேள்வியின் வரிசையை மாற்றியிருக்கிறோம். புகைப்பீர்களா, இல்லையா என்று நாங்கள் கேட்பதில்லை. முன்புபோலவே புகைக்கிறேன், குறைத்திருக்கிறேன், கர்ப்பம் என்று தெரிந்ததும் விட்டேன், அதற்கு முன்பே விட்டேன், புகைத்ததே இல்லை என்று விடைகளை வரிசையாக வைத்து, எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று கேட்கிறோம். இப்படிக் கேட்டால் உண்மை அதிகம் வரும் என்று 1991-லேயே காட்டியிருக்கிறார்கள். 'குறைத்திருக்கிறேன்' என்கிற வரி இருப்பதே அவளுக்கு ஒரு மரியாதை.

அதற்கும் முன்னால், சிகரெட்டைப் பற்றிய பேச்சே எடுக்காமல், நான் கேட்பது: "வீட்ல உங்களோட யார் யார் இருக்காங்க? உடம்பு முடியலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" அவ்வளவுதான். சிலர் உடனே சொல்வார்கள். சிலர் 'ஃப்ரெண்ட்' என்பார்கள்; இரண்டாம் வருகையில் அந்த ஃப்ரெண்டின் பெயர் வரும்; மூன்றாம் வருகையில் ஆளே வருவாள். ஆள் வந்த பிறகுதான் புகையைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் உண்டு. துணை புகைத்துக்கொண்டே இருந்தால் கர்ப்பிணி விடுவது மிகவும் கடினம் என்பது பல ஆய்வுகள் சொல்வது. கணவன்மாருக்கென்று துண்டறிக்கை அச்சடிக்கிறோம், வகுப்பு வைக்கிறோம். இந்தத் துணைகளுக்கு யார் சொல்வது? கலிபோர்னியாவில் 2016-லிருந்து பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவருமே 'தாய்' என்று குறித்துக்கொள்ளலாம். பிறந்த குழந்தைக்கு இரண்டு தாய் இருக்கலாம் என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. பிறப்பதற்கு முந்தைய ஒன்பது மாதத்துக்கும் நாங்கள் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

வயது குறைந்தவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு: வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ. கலிபோர்னியாவில் பதினெட்டு ஆகாத பெண்ணும் தன் கர்ப்ப சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம், பெற்றோர் கையெழுத்து வேண்டியதில்லை. இதை நான் முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவேன்.

என்னதான் உதவும்? முதலில் பேச்சு. அலங்காரமில்லாத, திரும்பத் திரும்பப் பேசுகிற பேச்சு. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-ல் கர்ப்பிணிகளுக்கு உறுதியாகப் பரிந்துரைத்தது ஆலோசனையைத்தான். பட்டை, மாத்திரை, மின்சிகரெட் எதற்கும் கர்ப்பத்தில் போதிய சான்று இல்லை என்று சொன்னது. பட்டை ஏன் எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை என்பதற்கு, வேகமாக வெளியேறும் நிகோட்டின் ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவர்கள் சிலருக்கு யோசித்து அதைக் கொடுக்கிறார்கள், அதில் தவறில்லை. இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, கிளாஸ்கோவில் செய்துபார்த்த வழி. அங்கே புகையை விடும் கர்ப்பிணிகளுக்குப் படிப்படியாக மொத்தம் 400 பவுண்டு வரை கடைகளில் செலவழிக்கக் கூடிய வவுச்சர் கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வந்தது: வவுச்சர் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள்; வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் 8.6 சதவீதம். காசு கொடுத்தா நல்லவராக்குவது என்று இங்கே முகம் சுளிப்பவர்கள் உண்டு. வாடகைக்கு வழியில்லாமல் மாதக் கடைசியில் நடுங்குகிற ஒருத்தியின் நடுக்கத்தைத் தணிப்பதும் சிகிச்சைதான் என்று நான் நினைக்கிறேன். சிகரெட் அவளுக்கு அந்த நடுக்கத்துக்குத்தானே மருந்தாக இருந்தது.

திண்ணையில் பையை வைத்துக் கதவைச் சாத்திய அம்மாவைப் பற்றிச் சொன்னேனே, அவருடைய மகள் ஏழாம் மாதத்தில் சிகரெட்டை விட்டாள். துணையும் சேர்ந்து விட்டாள். வாசல் கூட்டத்தோடு நிற்கப் போகாமல் இருவரும் சாப்பாட்டுக்குப் பின் ஏரிக்கரையில் நடந்தார்கள். அந்த நடையைக் கண்டுபிடித்தது அவர்களேதான், நான் இல்லை.

விட்டவர்களுக்கு உண்மையான சோதனை பிள்ளை பிறந்த பிறகுதான். கர்ப்பத்தில் விட்டவர்களில் பாதிக்குப் பாதி பேர் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் திரும்பவும் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வயிற்றில் பிள்ளை இல்லை, தூக்கம் இல்லை, பேறுகாலம் பார்க்க அம்மா இல்லை. நம்மூரில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுத்து, குளிப்பாட்டி, குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள நாலு கை இருக்கும். இவர்களுக்கு இருப்பது இரண்டே கை, அதுவும் வேலைக்குப் போய்த் திரும்பும் துணையின் கை. ஏழைகளுக்கான காப்பீடு முன்பெல்லாம் பிரசவமாகி 60 நாளோடு நின்றுவிடும். புகை திரும்பி வரும் நேரம் பார்த்து உதவியும் நின்றது. 2022 ஏப்ரலிலிருந்து கலிபோர்னியாவில் அது ஓராண்டாக நீண்டிருக்கிறது. அதனால் பிரசவத்துக்குப் பின்னும் மாதந்தோறும் அவளை அழைக்க எனக்கு வழி இருக்கிறது. துணைக்கு அந்தக் காப்பீடு இல்லை. ஆனால் 1992-லிருந்து இந்த மாநிலத்தில் புகையை விட உதவும் இலவசத் தொலைபேசிச் சேவை இயங்குகிறது. அதற்குக் காப்பீடு தேவையில்லை, உறவு என்ன என்று நிரூபிக்கவும் தேவையில்லை. பிரசவத்துக்கு முந்தைய கடைசி வருகையில், துணையையும் அறைக்குள் அழைத்து, அவள் முதல் அழைப்பை அங்கேயே என் மேஜையிலிருந்து செய்துவிடச் சொல்கிறேன். அழைப்பு முடியும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடுவதில்லை.